ராயல் பாலேயின் 2024/25 சீசன்: ரோமியோவும் ஒனேகினும் ஒரே ஆண்டில்

(லண்டனின் ராயல் பாலே குழு அந்த சீசனின் பட்டியலை வெளியிட்டபோது, பாலே ரசிகர்கள் புனைபெயர்களில் எழுதிக்கொண்ட உரையாடல்.)

மேல்மாடி

பட்டியல் வந்துவிட்டது, பார்த்தீர்களா? கிறிஸ்டோபர் வீல்டனின் ஆலிஸ் (அற்புத உலகில் ஆலிஸ் கதை) தொடங்கி வைக்கிறது. அக்டோபரில் நான்கு சமகாலப் படைப்புகள் சேர்ந்த ஒரு மாலை, நவம்பரில் வெய்ன் மக்கிரெகரின் மேட்ஆடம், கிறிஸ்துமஸுக்கு ஆஷ்டனின் சிண்டரெல்லா, ஜனவரியில் கிராங்கோவின் ஒனேகின், மார்ச்சில் மக்மில்லனின் ரோமியோ ஜூலியட். அதை ஒட்டி பாலன்ஷீனின் மூன்று படைப்புகள்: செரனேட், தி ப்ராடிகல் சன், சிம்பொனி இன் சி. மே மாதம் வீல்டனுக்கென்றே ஒரு நிகழ்ச்சி.

எனக்கு இதில் முதலில் கண்ணில் பட்டது ஒனேகினும் ரோமியோவும் அடுத்தடுத்து நிற்பதுதான். ரோமியோ அரங்கேறியது 1965 பிப்ரவரி 9, லண்டனில் ராயல் பாலேயின் அரங்கமான கோவென்ட் கார்டனில். ஒனேகின் அதே ஆண்டு ஏப்ரல் 13, ஷ்டுட்கார்ட்டில். நடுவில் இரண்டே மாதம். ஜான் கிராங்கோவும் கென்னத் மக்மில்லனும் லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழுவில் ஒன்றாக ஆடி வளர்ந்த நண்பர்கள். கிராங்கோ 1961-ல் ஜெர்மனிக்குப் போனார், மக்மில்லன் லண்டனில் இருந்தார். அப்புறம் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காதலித்துத் தோற்ற ஒரு பெண்ணை நடுவில் வைத்து மூன்று அங்க பாலே செய்கிறார்கள். அறுபதாவது ஆண்டில் இரண்டையும் ஒரே மேடையில், ஒரே கலைஞர்களிடம் பார்க்கப் போகிறோம். இதற்காகவே இந்த சீசனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

உங்களுக்கு எதில் ஆசை? எதில் குறை?

நீலத்திரை

செரனேட்! பெயரைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டது. திரை விலகும்போது நீல ஒளியில் பதினேழு பெண்கள், வலது கையை உயர்த்தி நிற்கும் அந்த முதல் நொடிக்காகவே நான் டிக்கெட் எடுப்பேன். பாலன்ஷீன் அமெரிக்காவுக்குப் போன பிறகு செய்த முதல் பாலே அது, 1934-ல், தன் மாணவிகளுக்காக. முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள் பதினேழு பேர், அதனால் பதினேழு. ஒருத்தி தாமதமாக வந்தாள், அதுவும் பாலேயில் சேர்ந்தது. ஒருத்தி விழுந்தாள், அதுவும் சேர்ந்தது. இத்தனை தற்செயல்களிலிருந்து இவ்வளவு தவிர்க்க முடியாததாகத் தெரியும் ஒன்றை எப்படிச் செய்தார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

நான் பெரும்பாலும் சினிமா அரங்கில் நேரடி ஒளிபரப்பில்தான் பார்க்கிறேன். மூன்று படைப்பு நிகழ்ச்சிகள் அங்கே அரிதாகவே வரும். பாலன்ஷீன் மாலையை ஒளிபரப்பினால் நன்றாக இருக்கும்.

பின்வரிசை

எனக்குக் குறை உண்டு. ஆஷ்டன் எங்கே?

சிண்டரெல்லா இருக்கிறது, சரி. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதன்மை மேடைக்கான இந்தப் பட்டியலில் என் கண்ணுக்குப் பட்ட ஆஷ்டன் அது ஒன்றே. இந்தக் குழுவின் உடல்மொழியை உருவாக்கியவர் அவர். மேல் உடல் வளைந்து, தலை திரும்பி, கால் அதிவேகமாக ஓடும் அந்தப் பாணி வேறெந்தக் குழுவிலும் பிறக்கவில்லை. சிம்பொனிக் வேரியேஷன்ஸ், சீன்ஸ் தெ பாலே, எ மன்த் இன் தி கன்ட்ரி போன்றவற்றை அடிக்கடி ஆடவில்லை என்றால் இளம் கலைஞர்களின் உடம்பிலிருந்து அது போய்விடும். ஆண்டுக்கு ஒரு முழுநீளப் படைப்பு போதாது. குறும்படைப்புகளில்தான் ஆஷ்டனின் நுட்பம் இருக்கிறது.

பாலன்ஷீனுக்கு ஒரு மாலை, வீல்டனுக்கு ஒரு மாலையும் ஒரு முழுநீள பாலேயும். இந்த வீட்டின் சொந்தக்காரரான ஆஷ்டனுக்கும் ஒரு மாலை கொடுத்திருக்கலாம்.

மேல்மாடி

பின்வரிசை, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் சிண்டரெல்லாவைக் குறைவாக எடைபோட வேண்டாம். 1948 டிசம்பர் 23-ல் அரங்கேறிய அந்தப் படைப்புதான் ஆஷ்டனின் முதல் முழுநீள பாலே. மார்கோ ஃபொன்டெய்னுக்குக் காயம், அதனால் முதல் இரவில் ஆடியவர் மொய்ரா ஷியரர். சகோதரிகளாக ஆஷ்டனும் ராபர்ட் ஹெல்ப்மனும். நீங்கள் சொல்லும் அந்தப் பாணி முழுக்க அதற்குள் இருக்கிறது: நான்கு பருவ தேவதைகளின் தனி ஆட்டங்களைப் பாருங்கள். வசந்த தேவதை ஒரு வேகம், கோடை தேவதை ஒரு சோம்பல், ஒவ்வொன்றிலும் முதுகும் தோளும் வேறு மாதிரி பேசும். நட்சத்திரங்களின் கூட்ட ஆட்டம் இருக்கிறதே, அந்தக் கூர்மையான கோணங்களைச் சரியாகச் செய்ய ஒரு குழுவுக்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

சிண்டரெல்லா நடன மண்டபத்துக்குள் படிக்கட்டில் விரல்நுனியில் நின்றபடி இறங்கி வருவாளே, அந்த இடத்தில் யாரும் மூச்சு விடுவதில்லை.

பின்வரிசை

ஒப்புக்கொள்கிறேன், பருவ தேவதைகள் பெரிய சொத்து. அதிலும் இளம் கலைஞர்களுக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும் இடம் அதுதான். யாரை வளர்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் முதன்மை வேடத்தைவிட தேவதைகளின் பெயர்களைத்தான் முதலில் படிப்பேன். அதே போலத் தனி மாலையும் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஓபோ

இசைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? இந்தப் பட்டியலில் ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோஃபியெவின் இசை மூன்று இருக்கிறது. யாரும் கவனித்தீர்களா?

பாலன்ஷீன் மாலையில் வரும் தி ப்ராடிகல் சன் 1929. பாலே ரூஸ் குழுவை நடத்திய தியாகிலெவுக்காக அவர் எழுதிய கடைசி இசை, அந்தக் குழுவின் கடைசிப் பெரிய படைப்புகளில் ஒன்று. அதே ஆகஸ்டில் தியாகிலெவ் இறந்துவிட்டார். அடுத்தது ரோமியோ, 1930-களின் நடுவில் சோவியத் நாட்டுக்குத் திரும்பும் காலத்தில் எழுதியது. ஆட முடியாத இசை என்று அப்போது கலைஞர்களே மறுத்தார்கள். முதல் மேடையேற்றம் 1938-ல் பிர்னோ நகரத்தில். மூன்றாவது சிண்டரெல்லா, போர்க்காலத்தில் எழுதி முடித்து 1945-ல் பல்ஷோய் மேடை ஏறியது.

ஆக, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வந்தால் ஒரே இசையமைப்பாளரின் மூன்று காலங்களைக் கேட்கலாம். ப்ராடிகல் சன் கரடுமுரடாகத் தொடங்கி, முடிவில் மகன் முழங்காலில் ஊர்ந்து வீடு வரும்போது இசை அப்படியே கனிந்துவிடும். அந்தக் கனிவிலேயே ஜூலியட்டின் இசை கருவாக இருப்பதுபோல எனக்குத் தோன்றும். சிண்டரெல்லாவின் வால்ட்ஸில் அதே கனிவின் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கும். நள்ளிரவுக் கடிகார இசையைக் கேட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கான கதைக்கு அது எவ்வளவு பயங்கரம்!

அப்புறம் பிஸேயின் சிம்பொனி இன் சி. பதினேழு வயதில் எழுதிவிட்டு எடுத்து வைத்தது, முதல் முறையாக வாசிக்கப்பட்டது 1935-ல்தான். பாலன்ஷீன் அதைப் பாரிஸ் ஓபராவுக்காக 1947-ல் பாலேயாக்கினார். இரண்டாவது பகுதியில் ஓபோ தனியாகப் பாடும் இடம்... என் பெயரைப் பார்த்தாலே நான் ஏன் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை பாலேயைத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். இந்த சீசனில் முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். ஒன்றே ஒன்று பார்க்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? கதை புரியாமல் போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம் இருக்கிறது. ஒனேகின் என்றால் என்ன கதை?

நீலத்திரை

வாங்க வாங்க. முதல் முறை என்றால் ரோமியோ ஜூலியட். கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கவனம் முழுக்க ஆட்டத்தில் இருக்கும். வாள் சண்டை, சந்தைக் கூட்டம், மாடிக் காட்சி என்று கண்ணுக்கும் ஓய்வே இல்லை.

மேல்மாடி

புதுவரவு, நான் ஒனேகின் பக்கம். கதை எளிது. கிராமத்தில் வளரும் தத்தியானா, புத்தகங்களே உலகமாக இருப்பவள், நகரத்திலிருந்து வந்த ஒனேகினைக் காதலிக்கிறாள். அன்று இரவே கடிதம் எழுதுகிறாள். அவன் அதை அவள் கண் முன்னாலேயே கிழித்து அவள் கையில் போடுகிறான். அவள் தங்கை ஓல்காவோடு வேண்டுமென்றே சரசமாடி, நண்பன் லென்ஸ்கியைச் சண்டைக்கு இழுத்து, சுட்டுக் கொல்கிறான். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது தத்தியானா ஒரு இளவரசரின் மனைவி. இப்போது அவன் கடிதம் எழுதுகிறான். இந்த முறை கிழிப்பது அவள்.

அவ்வளவுதான். மேடையில் பேச்சே இல்லாமல் இது தெள்ளத் தெளிவாகப் புரியும், பயம் வேண்டாம்.

கிராங்கோவின் திறமை கதையைச் சொல்வதில் மட்டும் இல்லை. முதல் அங்கத்தில் தத்தியானாவின் படுக்கையறைக் கண்ணாடியிலிருந்து ஒனேகின் வெளியே வருகிறான். அது அவளுடைய கற்பனை ஒனேகின். அவளைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி, அவள் விரும்பும் அத்தனையும் செய்கிறான். கடைசிக் காட்சியில் உண்மையான ஒனேகின் அவள் காலடியில் விழுந்து இழுத்துக்கொண்டு வரும்போது, அதே தூக்கல்கள் சிதைந்து திரும்பி வருகின்றன. அன்று கனவில் பறந்தவள் இன்று தரையோடு இழுபடுகிறாள். ஒரு வார்த்தை இல்லை, ஆனால் ஒரு வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு இருவர் ஆட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஓபோ

மேல்மாடி சொன்னதோடு ஒரு சேர்க்கை. இசை சைக்கோவ்ஸ்கிதான், ஆனால் இதே கதைக்கு அவர் எழுதிய ஓபராவிலிருந்து ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. கர்ட்-ஹைன்ஸ் ஷ்டோல்ட்ஸெ என்பவர் சைக்கோவ்ஸ்கியின் பியானோ துண்டுகளையும் வேறு படைப்புகளையும் எடுத்து வாத்தியக் குழுவுக்கு அமைத்துக் கொடுத்தார். தி சீசன்ஸ் என்ற பியானோ தொகுப்பு நிறைய வரும். கடைசி இருவர் ஆட்டத்தில் கேட்பது ஃபிரான்செஸ்கா டா ரிமினி. நரகத்தில் புயலில் அலையும் காதலர்களுக்காக எழுதிய இசை அது. தத்தியானாவுக்கு அதைக் கொடுத்தது என்ன ஒரு முடிவு!

பின்வரிசை

நான் ரோமியோவுக்கே வாக்களிக்கிறேன், ஆனால் நீலத்திரை சொன்ன காரணத்துக்காக அல்ல. மக்மில்லனின் மிகத் துணிச்சலான நொடி எது தெரியுமா, புதுவரவு? மூன்றாம் அங்கத்தில் பெற்றோர் கட்டாயக் கல்யாணத்துக்கு மிரட்டிவிட்டுப் போன பிறகு ஜூலியட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். வாத்தியக் குழு முழு வீச்சில் பொங்கும். அவள் ஆடமாட்டாள். அசையவே மாட்டாள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் எழுந்து ஓடுவாள். ஒரு பாலே நாயகிக்கு மிக உச்சமான இசையைக் கொடுத்து, சும்மா உட்கார் என்று சொன்னவர் அவர்.

கல்லறைக் காட்சியில் ரோமியோ உயிரில்லாத ஜூலியட்டோடு ஆடுவான், முன்பு மாடியடியில் ஆடிய அதே அசைவுகளை அவள் உடம்பிலிருந்து மீட்க முயல்வான். கை தொங்கும், தலை சரியும். அழகாகச் சாவதை மக்மில்லன் விரும்பவில்லை. முடிவில் இரண்டு குடும்பங்களும் வந்து கைகோக்கும் காட்சியையும் அவர் வைக்கவில்லை. இரண்டு உடல்கள், திரை விழும், அவ்வளவுதான்.

மேல்மாடி

பின்வரிசை, நீங்கள் அந்தக் கட்டில் காட்சியைச் சொன்னதால் கேட்கிறேன். அறுபதாவது ஆண்டு என்று கொண்டாடும்போது லின் சீமோரையும் கிறிஸ்டோபர் கேபிளையும் முன்னால் வைப்பார்கள் என்று நம்பலாமா?

தெரியாதவர்களுக்கு: மக்மில்லன் இந்த பாலேயை இந்த இருவர் மேல்தான் உருவாக்கினார். ஜூலியட்டின் பிடிவாதம், சட்டென்று முடிவெடுக்கும் வேகம், அந்தக் கட்டில் மௌனம் எல்லாம் சீமோரோடு சேர்ந்து கண்டுபிடித்தவை. ஆனால் அரங்கேற்ற இரவு ஃபொன்டெய்னுக்கும் நூரெயெவுக்கும் போனது. அமெரிக்கப் பயணத்துக்கு அந்தப் பெயர்கள்தான் வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. அன்று நாற்பத்து மூன்று முறை திரைக்கு முன் வந்து வணங்கினார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. உண்மையில் பெரிய இரவுதான், ஃபொன்டெய்ன் அப்போது நாற்பத்தைந்து வயதில் பதினான்குகூட நிறையாத பெண்ணாக நம்பவைத்தவர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சீமோர் தன் உடம்பிலிருந்து பிறந்த வேடத்தை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கேபிள் சில ஆண்டுகளிலேயே பாலேயை விட்டு நடிக்கப் போனார். அவர் 1998-ல் இறந்தார், சீமோர் 2023-ல். இருவரும் இல்லாத முதல் பெரிய ஆண்டுவிழா இது. நிகழ்ச்சிக் கையேட்டில் அவர்கள் படம் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

நீலத்திரை

முழு மனதோடு வழிமொழிகிறேன். கண்காட்சி ஒன்றும் வைக்கலாம், நிக்கோலஸ் ஜோர்ஜியாடிஸின் உடை வரைபடங்களோடு.

விரல்நுனி

நீங்கள் எல்லோரும் வசந்த காலத்திலேயே குடியேறிவிட்டீர்கள். நான் இலையுதிர் காலத்துக்காகக் காத்திருக்கிறேன். நான்கு சமகாலப் படைப்புகள் மாலையில் கைல் ஏப்ரஹாம், கிரிஸ்டல் பைட், கூடவே பாம் டனோவிட்ஸும் ஜோசஃப் டூங்காவும் புதிதாகச் செய்கிறார்கள். பைட்டின் தி ஸ்டேட்மென்ட் பார்க்காதவர்கள் தயவுசெய்து போங்கள். ஒரு நீண்ட மேசை, நான்கு பேர், ஒலிநாடாவில் அலுவலகப் பேச்சு. அந்தப் பேச்சின் ஒவ்வொரு அசையும் உடம்பில் ஏறும். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அதிகாரிகளை இவ்வளவு துல்லியமாக நாடகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

மேட்ஆடம் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லையே? 2022-ல் டொரான்டோவில் கனடா தேசிய பாலே முதலில் ஆடியது. மார்கரெட் அட்வுட்டின் மூன்று நாவல்கள், மக்ஸ் ரிக்டர் இசை.

பின்வரிசை

விரல்நுனி, நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. மூன்று நாவல்களை ஒரு மாலையில் அடக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒனேகின் ஏன் வெல்கிறது? ஐந்து பேர், இரண்டு கடிதம், ஒரு துப்பாக்கிச் சண்டை. உலகம் அழிவது, புதிய மனித இனம் பிறப்பது எல்லாம் பாலேயில் சொல்ல முடியுமா?

விரல்நுனி

சொல்லத் தேவையில்லை என்பதுதான் என் பதில். மக்கிரெகர் 2015-ல் வர்ஜீனியா வுல்ஃபின் நாவல்களை வைத்து வுல்ஃப் வொர்க்ஸ் செய்தபோதும் இதே கேள்வி வந்தது. அவர் கதையைச் சொல்லவில்லை, நாவல் படித்த பிறகு மனதில் மிஞ்சுவதைக் காட்டினார். கடைசிப் பகுதியில் அலைகளுக்கு முன்னால் அலெஸாண்ட்ரா ஃபெரி நின்றதை யாரும் மறக்கவில்லை. மேட்ஆடமும் அப்படி வரலாம், வராமலும் போகலாம். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மட்டும் கேட்கிறேன். அறுபது ஆண்டுக்கு முன் ரோமியோவும் ஒரு புதிய படைப்புதான். இன்று யாராவது முயன்றால்தான் 2084-ல் கொண்டாட ஒன்று இருக்கும்.

பின்வரிசை

அந்தக் கடைசி வரி நியாயம். ஒரு இரவு மேட்ஆடத்துக்கு ஒதுக்குகிறேன். பதிலுக்கு நீங்கள் சிண்டரெல்லாவுக்கு வர வேண்டும்.

விரல்நுனி

சம்மதம். தேவதைகளைப் பற்றி முன்கூட்டியே குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

நீலத்திரை

ஆலிஸை மறந்துவிட்டோம். 2011-ல் வந்தபோது, ஜோபி டால்பட்டின் இசையில், குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் புதிய முழுநீள பாலே இன்றும் சாத்தியம் என்று நிரூபித்தது அதுதான். தொப்பிக்காரன் டேப் ஆடுவான். இதய ராணி, ஸ்லீப்பிங் பியூட்டியின் ரோஸ் அடாஜியோவையே எடுத்து, ரோஜாவுக்குப் பதில் ஜாம் டார்ட்டோடு ஆடுவாள். மூலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு தடுமாற்றத்திலும் சிரிப்பு, பார்க்காத குழந்தைகளுக்கும் அதே சிரிப்பு. குழந்தையோடு போகிறவர்களுக்கு முதல் பரிந்துரை இதுவே.

மேல்மாடி

சரி, யார் எதை ஆட வேண்டும் என்று ஆசைப்படலாமா? வேடப் பட்டியல் வரும்வரை ஆசைப்பட யாரும் தடை போட முடியாது.

என் ஆசை: மரியனெலா நூன்யெஸின் தத்தியானா இன்னொரு முறை. அவருடைய கடைசிக் காட்சியில் ஒனேகினை வெளியே போகச் சொல்லிக் கை நீட்டும்போது அந்தக் கை நடுங்கும், ஆனால் இறங்காது. ஒசிப்போவாவின் தத்தியானாவும் வேண்டும், அது முற்றிலும் வேறு பெண்.

விரல்நுனி

ரோமியோவுக்கு ஃபிரான்செஸ்கா ஹேவர்டும் வில்லியம் பிரேஸ்வெல்லும். 2019-ல் வெளிவந்த படத்தில் இருவரையும் பார்த்தோம், ஆனால் படத்தில் முகம்தான் நெருக்கம், மேடையில் முழு உடலும் தெரியும். யாஸ்மின் நாக்டியும் மாத்யூ பாலும் 2015-ல் ஒன்றாக அறிமுகமானவர்கள், அவர்களும் மீண்டும் சேர்ந்தால் நல்லது.

பின்வரிசை

நான் பெயர் சொல்ல மாட்டேன். குழுவின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்ணுக்கு ஜூலியட் கொடுக்க வேண்டும். சீமோரை நினைவுகூர அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. புதியவர்கள் ஆடும் இரவுகளில் அரங்கத்தில் ஒரு பரிவு இருக்கும். கூட ஆடுகிறவர்கள்கூடப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும்: பெயரை நம்பி மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். இத்தனை பெரிய பாலேக்கள் அடுத்தடுத்து வரும்போது காயம் வரத்தான் செய்யும். பட்டியல் கடைசி நாளிலும் மாறும். மாற்றாக வந்தவர் ஆடியதுதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த இரவாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றோடு நிறுத்த முடியும் என்று தோன்றவில்லை. பிப்ரவரியில் ஒனேகின், மார்ச்சில் ரோமியோ என்று இரண்டையும் பார்ப்பதாக முடிவு. மேல்மாடி, மேலே ஆம்ஃபிதியேட்டரில் உட்கார்ந்தால் முகபாவம் தெரியுமா? தொலைநோக்கி வேண்டுமா?

மேல்மாடி

தெரியும், புதுவரவு. சிறிய தொலைநோக்கி ஒன்று கொண்டு வாருங்கள். ஆனால் கூட்ட ஆட்டங்களில் அதைக் கீழே வைத்துவிடுங்கள். ஒனேகினின் முதல் அங்கத்தில் ஜோடிகள் மேடையின் குறுக்கே மூலைக்கு மூலை பாய்ந்து ஓடும் இடம், மேலிருந்து பார்த்தால்தான் கோடு முழுதாகத் தெரியும். கண்ணாடிக் காட்சிக்குத் தொலைநோக்கி, கட்டில் காட்சிக்குக் கட்டாயம் தொலைநோக்கி. நடுப்பகுதி கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் எடுப்பதற்கு முன் இங்கே கேளுங்கள். தத்தியானாவின் கண்ணாடி எந்தப் பக்கம் மறையும் என்று பார்த்துச் சொல்கிறோம்.